எழுபது வயது வரம்பும் என் மனைவி திருப்பி வைத்த சோதனைப் பெட்டியும்

அனுப்புநர்:
பேருந்துப் பணிமனையில் முப்பத்தோர் ஆண்டுகள் பேருந்து கழுவி ஓய்வு பெற்றவர்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு, மாடி.

பெறுநர்:
பொதுச் சுகாதார அலுவலர் அவர்கள்,
சுகாதார அலுவலகம்.

பொருள்: பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனை – எழுபது வயதைக் கடந்தோரைத் திருப்பி அனுப்பியது – அதனால் அறுபத்தேழு வயதுள்ள ஒருவரும் திரும்பி வந்துவிட நேர்ந்தது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் என் கையால் எழுதும் முதல் மனு. பணிமனையில் மூன்று மனுக்களில் பெருவிரல் வைத்திருக்கிறேன். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது. இதில் உள்ளது அனைத்தும் எனக்குத் தெரியும். எழுத ஐந்து நாள் ஆயிற்று.

1. எங்கள் சுகாதார நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில், மாலை ஐந்து மணிக்கு மேல் முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. நான், என் மனைவி உட்படப் பதினொரு பேர் படிக்கிறோம். பாடம் நடத்துபவர் நிலையத்தின் பதிவேட்டு எழுத்தர். பாடப்புத்தகம் வந்து சேரவில்லை. மாடிப்படிக்கு அடியில் புற்றுநோய்ச் சோதனைத் துண்டறிக்கைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அவற்றையே பிரித்துக் கொடுத்துவிட்டார். ஆகவே நாங்கள் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொல் ‘பெருங்குடல்’. எங்களுள் பூட்டுக்காரருக்குத் தன் பெயரை எழுத இன்னும் தடுமாற்றம் உண்டு. ‘மலத்தில் கலந்துள்ள, கண்ணுக்குத் தெரியாத இரத்தம்’ என்பதைப் பிழையின்றி எழுதுவார்.

2. இம்மாதம் பன்னிரண்டாம் தேதி அதே கூடத்தில் சோதனை முகாம் தொடங்கியது. வீட்டிற்குக் கொண்டுபோய் மாதிரி எடுத்துத் திருப்பித் தரும் சிறு பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். வரிசையில் முதலில் நின்றவர்கள் நாங்கள்தாம். செய்முறை எங்களுக்கு மனப்பாடம். பூட்டுக்காரர் ஆர்வ மிகுதியால் வீட்டிலிருந்தே ஒரு மூக்குப்பொடி டப்பாவில் கொண்டு வந்துவிட்டார். அதை மேசைமேல் வைத்தது தவறுதான். ஒரு சிட்டிகை எடுக்கலாம் என்று திறந்த காவலாளியிடம் வகுப்பின் சார்பில் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவர் அன்றோடு பொடி போடுவதை விட்டுவிட்டார். இதை முகாமின் முதல் பலனாகக் கணக்கில் கொள்ளலாம்.

3. மேசையில் இருந்த செவிலியர், “அம்பதுலேர்ந்து எழுபது வரைக்கும்தான் தாத்தா, உங்களுக்குக் கிடையாது” என்றார். துண்டறிக்கையின் கடைசி வரியில் அப்படி இருக்கிறதாம். நாங்கள் இன்னும் கடைசி வரிக்கு வரவில்லை; அது அடுத்த மாதப் பாடம். வகுப்பில் பத்துப் பேர் எழுபதைக் கடந்தவர்கள். எனக்கு எழுபத்து நான்கு. எங்களுக்காக எழுதப்படாத ஒன்றை எங்களிடம் கொடுத்துப் படிக்கப் பழக்கியது முறையா என்று கேட்கிறேன். எனக்கும் ஒரு பெட்டி வழங்க வேண்டுகிறேன்.

4. எங்கள் கூச்சலைக் கேட்டு இரு மருத்துவர்கள் வந்தனர். இளைய பெண் மருத்துவர், வயது ஏற ஏற இச்சோதனையின் நன்மை குறைகிறது, அதன் பின்னர் குழாய் விட்டுப் பார்ப்பதன் தொல்லை கூடுகிறது என்றார். பெரிய மருத்துவரோ, “வயசு அட்டையிலதான் இருக்கு, உடம்புல இல்லம்மா. ஆளப் பாத்து முடிவு பண்ணணும்” என்றார். இருபது நிமிடம் நடந்தது. பந்தாட்டம் பார்ப்பவர்களைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி எங்களுக்குக் கழுத்து வலி கண்டது. யார் வென்றார் என்று அறிவிக்கப்படவில்லை.

5. இதற்கிடையில் என் மனைவிக்குப் பெட்டி கிடைத்துவிட்டது. அவள் ஒருத்திதான் தகுதியானவள். அவள் அதைத் திரும்ப மேசைமேல் வைத்து, “இவருக்கு வேண்டாத சோதனை எனக்கு மட்டும் எதுக்கு? என்னைத் தனியா நோயாளி ஆக்கப் பாக்கறீங்களா?” என்றாள். வகுப்பு முழுவதும் கை தட்டியது. நானும் தட்டினேன். அதற்காக வருந்துகிறேன்.

6. வருந்தும் காரணம் இது. அவளுடைய அக்காள் பதினோர் ஆண்டுகளுக்கு முன் இதே நோயில் போனார். இரத்தம் போவதை மூலம் என்று நினைத்து, வெட்கப்பட்டு, ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. அந்நாளில் முழங்கால் மருந்துக்காக நான் மாதாமாதம் இந்த நிலையத்திற்கு வருவேன். இச்சோதனையின் சுவரொட்டிக்குக் கீழேதான் உட்காருவேன். அதில் கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பற்பசை விளம்பரம் என்று எண்ணியிருந்தேன். நல்ல பல் என்று அக்காளிடம் சொல்லியும் இருக்கிறேன்.

7. மூன்றாம் பத்தியில் எனக்கு ஒரு பெட்டி கேட்டிருந்தேன். இப்போது வேண்டாம். இளைய மருத்துவர் சொன்னது சரியாக இருக்கலாம். இருவரும் பேசி முடிவு செய்யட்டும். அந்த வரியை அடித்துவிடலாம் என்றால், அதை எழுதவே அரை நாள் ஆயிற்று, மனம் வரவில்லை. தாங்கள் படிக்காததாகக் கொள்ளவும்.

8. என் கோரிக்கை ஒன்றே. நாற்பத்தாறு ஆண்டுகளில் நான் சொல்லி அவள் கேட்டது எதுவுமில்லை. அச்சில் இருந்தால் மட்டும் நம்புவாள். ஆகவே தாங்கள் அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வயது வரம்பு ஏன், அக்காளுக்கு இருந்தால் தங்கை ஏன் தள்ளிப்போடக் கூடாது, பெட்டியை வாங்குவதால் யாரும் நோயாளி ஆவதில்லை என்று நான்கு வரி போதும். எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கட்டும். அவள் பெயர் முகாம் பதிவேட்டில் ஏழாவதாக உள்ளது. உறைமேல் அந்தப் பெயர் மட்டும் இருக்க வேண்டும். என் பெயரையும் சேர்த்தால் நான் பிரித்துவிடுவேன் என்று எனக்கே பயம்.

மீதிப் பெட்டிகள் இம்மாதம் முப்பதாம் தேதி திருப்பி அனுப்பப்படும் என்கிறார்கள். அதற்குள் கடிதம் வந்து சேர ஆவன செய்யுங்கள். அவளுக்கு இதுவரை தபாலில் எதுவும் வந்ததில்லை. வரிக்கு அடியில் விரல் வைத்து அவளே படிப்பாள், என்னைவிட வேகமாக. படித்து முடிக்கும் வரை நான் கீழே தெருவில் நிற்கிறேன்.

நாள்: இம்மாதம் இருபத்தொன்று.
இடம்: எங்கள் சமையலறை (அவள் கேட்டால் வீட்டுப்பாடம்).

தபால்காரரின் வழி பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
எழுத்தறிவு வகுப்பு, இரண்டாம் பெஞ்சு.