இல்ஃபோர்ட் டியூக்கின் மாற்றுக் கலியாணம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

தூறல். காற்று வேறு. குப்பைப் பின் வெளியில் வைக்கிற நாள். பக்கத்து வீட்டுக்காரன் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. இந்தத் தெருவில் பின் விசயத்தில் என்னை அடிக்க ஆளில்லை.

வேலைகள்:
பின் (முடிந்தது)
முழங்கால் மருந்து
மீன், விளைமீன் இருந்தால் மட்டும்
மனுசியின் புத்தகங்களை லைபிரரியில் திருப்பிக் கொடுக்க

என் மனுசி யோகத்துக்கு இந்தக் கிழமை முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட். அதனால் புத்தகச் சுமை என் தலையில். ஒன்பது. எல்லாம் ஒரே சாதி. இருநூறு வருசத்துக்கு முந்தின லண்டன், குதிரை வண்டி, மட்டைப் படத்தில் சட்டைப் பொத்தான் பூட்டத் தெரியாத ஒரு டியூக் பிரபு. இவன் ஒருத்தியை ஏதோ தேவைக்குக் கட்டுவான். சொத்துக்கு, கடனுக்கு, ஊர் வாயை மூட. கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடிப்பினம்.

லைபிரரி டொரீன், வெள்ளைக்காரக் கிழவி, நல்ல மனுசி. "இதெல்லாம் நீங்களா வாசிச்சது?" என்று கேட்டா. பின்னால் வரிசையில் நாலு பேர். "வேறை ஆர்?" என்றேன். ஒன்றை இல்ஃபோர்டில் ரயில் ஏறித் தொடங்கி பாடிங்டன் வருமுன் முடித்ததாகவும் சொன்னேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இங்கிலீசுப் புத்தகத்தைப் பற்றி அப்படிக் கதைத்ததைக் கேட்க ஊர்ச்சனம் ஆரும் பக்கத்தில் இல்லாமல் போனது கவலை. உண்மையில் நான் கடைசிப் பக்கம் மட்டும்தான் பார்ப்பேன். முடிவு தெரிந்தால் நடுவில் என்ன இருக்கு.

வியாழன் இரண்டு மணிக்கு வாசிப்பு வட்டமாம். வரச்சொன்னா. ஓம் என்றேன்.

பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி ராணி. குரல் சரியில்லை.

"அண்ணை, நானும் குகனும் பிரிஞ்சிட்டம். மூண்டு மாசமாச்சு. நான் இப்ப தனிய இருக்கிறன்."

"என்னடி விசர்க்கதை?"

"விசர் இல்லை அண்ணை. முப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு இப்பதான் தெளிஞ்சிருக்கு. அண்ணிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

மீன் வாங்கவில்லை.

ஒக்டோபர் 8, புதன்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

ராணி கட்டியது யோகத்தின் அண்ணன் குகனை. நான் கட்டியது குகனின் தங்கச்சி யோகத்தை. மாற்றுக் கலியாணம். கொழும்பில் ஒரே மண்டபம், ஒரே நாள், இரண்டு மணவறை. சீதனம் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும் என்று பெரியாக்கள் கணக்குப் பார்த்தது. எங்கள் நாலு பேரையும் ஆரும் ஒன்றும் கேட்கவில்லை.

லண்டன் வந்த புதிதில், பிளேஸ்டோவில் ஒரு அறையில் இருந்தபோது, ஒரு சண்டை. யோ. (யோகம்) அன்றைக்குச் சொன்னது அப்படியே நினைவிருக்கு: "நான் வெளிக்கிட்டா அண்ணா உங்கட தங்கச்சியை வீட்டுக்கு அனுப்பிப்போடுவார். அவளுக்காகத்தான் இருக்கிறன். தெரிஞ்சு வைச்சுக்கொள்ளுங்கோ."

தெரிந்து வைத்துக்கொண்டேன். பிள்ளையும் கிடைக்கவில்லை. அவ மேல் அறை, நான் கீழ் அறை. கேட்கிறவர்களுக்கு முழங்கால் என்று சொல்கிறேன், படி ஏற ஏலாது என்று.

இவ்வளவு காலமும் கூட்டாளிமாரிடம் "விலங்கு மாட்டிப்போட்டாங்கள் மச்சான்" என்று சிரித்துக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்தப் பக்க விலங்கு கழன்றிருக்கு. அங்கே கழன்றால் இங்கேயும் கழன்ற மாதிரித்தான். யோ. அறிந்தால் நிற்க என்ன காரணம்?

சொல்ல ஏலாது. சொல்லாமலும் இருக்க ஏலாது.

இன்றைய சாப்பாடு: பருப்பு, கத்தரிக்காய். உப்புக் கூடிப்போச்சு. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

வாசிப்பு வட்டம். ஆறு பெண்கள், நான். ராசா மாதிரி நடுக் கதிரையில் இருத்தினார்கள். பிஸ்கட் நல்லது.

இந்த மாதப் புத்தகம் யோ. வீட்டில் இப்போது வாசிக்கிற அதே புத்தகம். உயிலில் ஒரு நிபந்தனை, ஒரு வருசத்துக்குள் கட்டாவிட்டால் டியூக்குக்கு எஸ்டேட் இல்லை. பாதிரியின் மகள் ஒருத்தி, தங்கச்சிக்கு ஒரு போக்கிடம் வேண்டி, அவனைக் கட்டுகிறாள். நடுவில் வேறொரு உயில் வருகுது. முதல் உயில் செல்லாது. கட்டியே இருக்கத் தேவையில்லை.

டொரீன் கேட்டா: "இனி அவள் எதுக்கு அந்த வீட்டில் நிற்கவேணும்?"

கடித்த பிஸ்கட்டைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

பக்கத்தில் பத்மா, ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கின மலேசியத் தமிழ், பெரிய கம்பனியில் இருந்து ரிட்டயர் ஆனவ. "இதெல்லாம் கதையிலதாங்க. தேவைக்குக் கட்டிக்கிட்டவங்க தேவை முடிஞ்சா போயிடுவாங்க" என்றா.

என்னால் பொறுக்க முடியவில்லை. எழும்பி நின்று என் கலியாணத்தைச் சொன்னேன். மாற்றுக் கலியாணம் என்ற அளவில் உண்மை. மற்றது வாயிலிருந்து தானாக வந்தது. மண்டபத்துக்கு யானை வந்தது. முதல் வருசம் இரண்டு பேரும் பேசவேயில்லை. பிறகு ஒரு மார்கழி, பனி, யோ. பஸ் தரிப்பில் வழுக்கி விழ, நான் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவ கண்ணைத் திறந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. அன்றைக்குத் தொடங்கினது காதல்.

டொரீன் கண்ணைத் துடைச்சா. பத்மாகூட "அண்ணே, உண்மையாவா?" என்றா. அடுத்த வியாழன் மனுசியைக் கூட்டிக்கொண்டு வரவேணுமாம். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டும்போது இல்லை என்று சொல்ல ஆருக்கு வரும்.

(விழுந்தது நான். எழுப்பி, தோளில் சாய்த்து, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனது அவ. வழி முழுக்க ஏசிக்கொண்டு வந்தா. பேரும் சொல்லவில்லை. இன்றுவரை "இஞ்சேருங்கோ"தான்.)

ஒக்டோபர் 11, சனி

மழை. கூரைத் தண்ணிக் குழாய் அடைப்பு. ஏணி வைத்து நானே எடுத்தேன். கீழிருந்து யோ. ஏணியைப் பிடித்தா, அதைப் பெரிய உதவி என்று சொல்ல முடியாது.

இரண்டு தரம் அவவின் போன் அடித்தது. திரையில் "அண்ணா". இரண்டு தரமும் அவ குளியலறையில். மூன்றாம் தரம் அடித்தால் எடுத்துவிடுவா. சார்ஜரை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தேன். போன் மத்தியானத்துக்குள் செத்துவிட்டது.

அரிசி அளக்கப் போனவ சார்ஜரோடு வந்தா.

"என்ன, நட்டிருக்கிறியளோ? முளைக்கும் எண்டோ?"

"ஈரம் பட்டுப்போச்சு. அரிசி ஈரத்தை இழுக்கும். விஞ்ஞானம்."

"முப்பத்தொரு வருசம் லண்டனில இருந்து கண்டுபிடிச்ச விஞ்ஞானம்."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தா. ஏதோ கேட்பா என்று நினைத்தேன். அரிசி கழுவப் போய்விட்டா.

வீட்டில் எங்கே நின்றாலும் அவ வருகிற சத்தம். முன் அறை, சமையலறை, ஒரு படிக்கட்டு. இவ்வளவு சின்ன வீடு என்று இத்தனை நாளும் தெரியவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வானம் மப்பு. பின். (பச்சைக் குப்பை மட்டும்.)

வியாழனுக்கு யோ.வுக்குத் தடிமன், மூக்கடைப்பு என்று சொல்ல முடிவு. போன வருசம் கோயிலில் பாவித்த சாட்டு, நல்லாக வேலை செய்தது.

அவ வேலைக்குப் போனபிறகு மேலே போனேன். படி பதின்மூன்று. புத்தகம் தலைமாட்டில். வட்டத்தில் ஏதும் கேட்டால் சொல்லவேண்டுமே, அதுதான். வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைப் பிரிக்கப் போக, அடையாளத்துக்குத் தாள் வைத்த பக்கம் விரிந்து, தாள் நழுவி விழுந்தது.

விமான ரிக்கெற். ஹீத்ரோ, ரொறன்ரோ. அவவின் பேர். நவம்பர் 2. திரும்பிவாற நாள் போட்டிருக்கவில்லை.

திரும்ப வைத்தேன். 188ஆம் பக்கம். அந்தப் பக்கத்தில் பாதிரியின் மகள் பெட்டி அடுக்குகிறாள். இங்கிலீசு கொஞ்சம் கடினம், ஆனால் பெட்டி அடுக்குவது விளங்கியது.

கட்டில் விளிம்பில் எவ்வளவு நேரம் இருந்தேனோ. கடைசிப் பக்கம் பார்க்கவில்லை.

இன்று சாப்பாடு: இரண்டு துண்டு பாண். நேற்றைய சம்பல்.

ஒக்டோபர் 16, வியாழன்

வெயில். நல்ல நாள் என்று வானொலி சொன்னது.

தடிமன் பலிக்கவில்லை. பத்மா யோ.வைச் சாமான் கடையில் கண்டு எல்லாம் சொல்லிவிட்டா. யானையும் சேர்த்து. ஒன்றரை மணிக்கு யோ. நீலச் சீலை கட்டிக்கொண்டு படி இறங்கி வந்தா.

"வெளிக்கிடுங்கோ. டியூக்குக்கு நேரம் போகுது."

வழி முழுக்க அவ இரண்டு அடி முன்னால். நான்தான் மரம், மழை, கவுன்சில் வரி என்று கதைத்துக்கொண்டு போனேன்.

வட்டத்தில் அவவுக்கு நடுக் கதிரை. டொரீன் தேத்தண்ணி கொடுத்து, "அந்த யானையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டா. நான் நிலத்தைப் பார்த்தேன். கம்பளத்தில் ஒரு பிஸ்கட் துண்டு.

யோ.வின் இங்கிலீசு மெதுவானது, ஆனால் என்னுடையதை விட நேரானது. "யானை பெரியது. வெள்ளிக் கொலுசு போட்டிருந்தது" என்றா. எல்லாரும் சிரிப்பு. நிலத்திலிருந்து தலையைத் தூக்கினேன்.

பிறகு டொரீன்: "புத்தகத்தில் டியூக் இரண்டாம் தரம் கேட்கிறான். கட்டாயம் இல்லாமல், அவளை இருக்கச் சொல்லி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

யோ. சொன்னா: "நான் அந்தப் பக்கம் இன்னும் வாசிக்கேல்லை. ஆனா அவளைக் கொடுத்துவைச்சவள் எண்டுதான் சொல்லுவன். என்னை முதல் தரமே ஒருத்தரும் கேட்கேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. பத்மா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தா.

வரும் வழியில், பஸ் தரிப்பில்:

"ராணி வெளிக்கிட்ட அண்டைக்கே அண்ணா சொல்லிப்போட்டார்."

"எண்டைக்கு?"

"ஆடியில. நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"எனக்குப் போன கிழமைதானே தெரியும்."

"தெரிஞ்சு சார்ஜரை அரிசிக்குள்ள தாட்டியள்."

பஸ் நேர அட்டவணையைப் பார்த்தேன். பிறகு நானே: "ரிக்கெற்?"

"அதையும் பாத்தாச்சோ? அண்ணாவுக்குச் சமைக்க ஆளில்லையாம். ரிக்கெற்றைப் போட்டிட்டுத்தான் போன் எடுத்தார். அவரும் என்னைக் கேட்கேல்லை."

பஸ் வந்தது. இரண்டு இருக்கை முன்னும் பின்னுமாகத்தான் கிடைத்தது. அவவின் கொண்டையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நரை இவ்வளவு என்று தெரியாது.

ஒக்டோபர் 17, வெள்ளி

குளிர். ஹீட்டர் போட்டாச்சு.

காலை தேத்தண்ணி நான் போட்டேன். (முதல் தரம் இல்லை. மூன்றாம் தரம் இருக்கலாம்.) பதின்மூன்று படியும் ஏறிக் கொண்டுபோனேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. சரி, கொஞ்சம் சிந்தியது.

ஒரு முழங்காலில் நின்று கேட்டேன் என்று எழுதத்தான் ஆசை. முழங்கால் விடாது. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டேன். இரவு முழுக்கப் பாடமாக்கின வசனம் ஒன்று இருந்தது, அதில் கடலும் நிலவும் வரும். அது வரவில்லை. வந்தது இது:

"ராணிக்காகவும் இல்லை, உம்மட அண்ணாவுக்காகவும் இல்லை. எனக்காக... நீர் இஞ்சையே இருக்க விருப்பமோ? விருப்பமில்லையெண்டா நானே பெட்டியைக் கீழை இறக்கித் தாறன்."

யோ. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தா. "சீனி காணாது."

"கொண்டரட்டோ?"

"வேண்டாம். யோசிச்சுச் சொல்லுறன்."

"எப்ப?"

"என்னை இதுவரைக்கும் ஆரும் யோசிக்க விட்டதில்லை. அவசரப்படுத்தாதேங்கோ."

இறங்கி வந்தேன். பெட்டியைக் கீழே இறக்குவதாகச் சொன்ன வாயைக் கழுவவேணும். அலுமாரிக்கு மேலிருக்கிற பெட்டி, எனக்கு எட்டவும் எட்டாது.

ஒக்டோபர் 18, சனி

மழை. யோசிக்கிறா.

மீன் வாங்கினேன். விளை இல்லை, சூடை. யோசிக்கிறா.

கடையில் ஒருவன் "என்ன அண்ணை, சத்தமில்லாமல் நிக்கிறியள், சுகமில்லையோ?" என்றான்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

மழை விட்டது. உடுப்பு வெளியில் போட்டாச்சு.

சோறு வடித்துக்கொண்டு நிற்க, மேலே யோ. போனில். குகன். கதவு திறந்தபடி. ஒளிந்து கேட்கவில்லை, கரண்டியோடு படியடியில் நின்றேன், அவ்வளவுதான்.

"இல்லை அண்ணா. ரெண்டாம் திகதி வரேல்லை... இல்லை, அவருக்காகவும் இல்லை... ஒருத்தர் என்னட்டை ஒண்டு கேட்டிருக்கிறார். யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். யோசிச்சு முடியுமட்டும் ஒரு இடமும் அசையன்... எவ்வளவு நாளோ? எனக்கு முப்பத்தொரு வருசம் பாக்கி இருக்கு அண்ணா... சமைக்கப் பழகுங்கோ. இஞ்சை ஒராள் பழகுறார்."

சோறு குழைந்துவிட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

மத்தியானம் அவ உடுப்பு எடுக்கத் தோட்டத்துக்குப் போக, மேலே ஒருதரம் போய்ப் பார்த்தேன். ரிக்கெற் இன்னும் புத்தகத்துக்குள்தான் இருக்கு, அடையாளத்துக்கு. 212ஆம் பக்கம். மொத்தம் 340.

கடைசிப் பக்கத்தைத் திறக்கவில்லை.