நாணலுக்குள் உன் கை

அண்ணா,

இன்று காலை உன் தோட்டத்து நாணலை அடியோடு வெட்டினேன். வருடத்துக்கு ஒருமுறை காய்ந்த தண்டுகளைக் கழித்தால்தான் புதுக்குருத்து வரும் என்று நீ சொல்வாயே, அதற்காகத்தான். வெட்டிய அடித்தண்டின் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் கத்தியைக் கீழே போட்டேன். அப்படியே மணலில் உட்கார்ந்தேன்.

வளைகுடாவிலிருந்து நீ திரும்பிய வருடம், இராஜாக்கமங்கலத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடந்த சுடுமணலில் இதை நட்டாய். அழகுக்கு யாராவது நாணல் வளர்ப்பார்களா என்று ஊரே சிரித்தது. "இதுக்கு வெயிலாக்கும் சோறு. தண்ணியும் வளமும் கூடுனா சாஞ்சு போவும்" என்றாய். இரண்டே கோடையில் ஆள் உயரம் நின்று, வெள்ளிக் கதிர் விட்டு ஆடியது.

அந்தப் புதரோரம்தான் என் மனைவியை விரியன் கடித்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு வெறி ஏறியது. நேராக வீட்டுக்கு வந்து வெட்டுக்கத்தியை எடுத்தேன். வெட்ட வெட்ட வெறி கூடியது. தண்டுகள் சடசடவென்று சரிந்தன. இலையின் ஓரம் என் முகத்தைக் கிழித்தது. நீ ஓடிவந்து, மிச்சமிருந்த ஒரு புதரைக் கட்டிப்பிடித்தாய்.

"லேய், விடுலே! பாம்பு செய்ததுக்கு புல்லு என்னலே செய்யும்?"

உன் கை எனக்குத் தெரிந்தது, அண்ணா. தெரிந்துதான் கத்தியை இறக்கினேன். இரண்டு விரல்கள் மணலில் விழுந்தன. நீ கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

"புல்லு வெட்டும்போ நானே வெட்டிக்கிட்டேன்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னாய். சாகும்வரை அதையே சொன்னாய். வெட்டுப்பட்ட நாணல் வேரிலிருந்து மறுபடி கிளம்பியது. நீ இடது கையில் மூன்று விரலோடு அதற்கு மண் அணைத்தாய். உன்னை அடக்கம் செய்த அன்றும் ஊர் அந்தக் கதையைத்தான் பேசியது. நானும் தலையாட்டினேன்.

போன வாரம் உன் மகளிடம் சொல்லிவிட்டேன். "மக்கா, அப்பாவுக்க விரல வெட்டுனது நானாக்கும்."

அவள் அழவில்லை. "தெரியும் சித்தப்பா. ஜன்னல்ல நின்னு பார்த்தேன். யார்ட்டயும் சொல்லப்பிடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கினாவ. அப்ப எனக்கு ஏழு வயசு."

நீ என்னை மன்னித்துவிட்டாய் என்ற நினைப்பில் இத்தனை வருடம் தூங்கினேன், அண்ணா. அந்த ஏழு வயதுப் பிள்ளை எப்படித் தூங்கினாள் என்று நாம் இருவருமே கேட்கவில்லை. இப்போது நான் சுமப்பது அதைத்தான்.