ரோட்டோரம் நட்ட நாற்று

நன்னிலம்
ஐப்பசி 11

என் அன்பு மகள் எழிலரசிக்கு, அம்மா எழுதுவது. இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற எல்லோரும் நலம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாயிருக்க வேண்டும். தீபாவளிக்கு வரவில்லையே என்று வருத்தப்படாதே, வந்திருந்தால் உன்னையும் சேற்றில் இறக்கியிருப்போம். உன் கடிதம் கிடைத்தது. தமிழ்ச் சங்கத்தார் பொங்கல் விழாவுக்கு உன்னிடம் நாடகம் கேட்டதும், நீ முதல் காட்சியையே எழுதி எழுதிக் கிழித்ததும், வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னால் ஆகாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடப் போவதும் படித்தேன். உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டினால் என் பொண்ணாச்சே, சரியா வராததைத் தொடுவாளா என்று பெருமைப்பட்டுக்கொள்வார். இந்த வியாதி உனக்கு அவர் பக்கத்திலிருந்து வந்ததுதான், என் பிறந்த வீட்டில் யாரும் எதையும் சரியாகச் செய்ததே கிடையாது.

இந்தச் சம்பா நடவு எப்படி நடந்தது என்று சொல்கிறேன், கேள். கூலி கூட்டித் தந்தால்தான் இறங்குவோம் என்று ஊரில் ஒரு நடவாள் வரவில்லை. வரப்புக்கு வரப்பு கொடி, தாலுகா ஆபீசில் பேச்சுமேல் பேச்சு. மிராசுதார்கள் வெளியூர் ஆளைக் கொண்டுவருகிறோம் என்கிறார்கள், நடவாட்களின் சங்கத்துக்காரர்கள் கொண்டு வா பார்க்கலாம் என்கிறார்கள், நடுவில் நம்மைப் போல் குத்தகைக்காரர்கள். மிராசு வீட்டுக்கு அளக்கிற நெல்லில் ஒரு படி குறைய விடமாட்டார்கள், ஆனால் நடவாள் கேட்பதும் நியாயம்தானே. இதை நான் வாய்விட்டுச் சொன்னதற்கு உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, வீடு நிம்மதியாயிருந்தது. தன் கட்சி ஆட்சி வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று ஊரெல்லாம் மைக் செட் கட்டின மனுஷர், பாவம், அவருக்கும் அலுத்துவிட்டது. நாற்றோ யார் பக்கமும் சேராமல் தன் பாட்டுக்கு முற்றிக்கொண்டிருந்தது. விட்டால் இந்த வருஷம் சோறு இல்லை. கடைசியில் நானும் அவரும்தான் இறங்கினோம்.

எனக்கு நடத் தெரியுமா? குத்துக்கு இரண்டு மூன்று நாற்று போதும் என்பார்கள், நான் பயத்தில் கைக்கு வந்ததையெல்லாம் சேர்த்து அமுக்கினேன். திரும்பிப் பார்த்தால் கோணல். நிமிர்ந்தால் இடுப்பு வலி, குனிந்தால் அழுகை. வரப்பில் நடவாட்களோடு வந்து நின்ற பூவம்மாள், "என்னங்கம்மா, கோழி கெளறிட்டுப் போனாப்ல இருக்கு. இதுக்கா எங்க கூலியைப் புடிச்சு வச்சீங்க?" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த அலுப்பிலும் நானும் சிரித்துவிட்டேன். உன் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே எப்படியோ போகட்டும், ரோட்டோரம் ஒழுங்காயிருக்க வேண்டும், பஸ்ஸில் போகிறவன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று கயிறு கட்டி நட்டார். ஒரு வரிசை ஒரு விரற்கடை விலகினாலும் பிடுங்கி மறுபடி நட்டார். காலையில் போய்ப் பார்ப்பார், மறுபடி பிடுங்குவார். சிங்காரவேலு அண்ணன் சைக்கிளை நிறுத்தி ரூல் போட்டாப்ல இருக்கே என்று சொல்லிவிட்டுப் போனார், அன்றைக்கு உன் அப்பா இரண்டு சொம்பு மோர் குடித்தார்.

ஒரு வாரத்தில் நான் கோணலாய் நட்டதெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. ரோட்டோரம் மட்டும் மஞ்சளாகிச் சாய்ந்தது. வேர் பிடிக்க விட்டால்தானே. வரிசை மட்டும் நேராக நின்றது, நாற்றுதான் இல்லை. அதற்குள் கூலிப் பேச்சு ஒருவழியாக முடிந்து பூவம்மாள் வேலைக்கு வந்தாள். செத்த இடத்தை நிரப்ப நாற்றுக்கு எங்கே போவது? நாற்றங்கால் காலி, ஊரில் எவனிடமும் மிச்சமில்லை. "அம்மா நட்டதே இன்னொரு நாத்தங்கால் மாதிரிதான இருக்கு" என்று சிரித்துக்கொண்டே என் குத்துகளைப் பிரித்து, கூடுதலாயிருந்ததை எடுத்துப்போய் உன் அப்பா வரிசையில் நட்டாள். இப்போது பஸ்ஸில் போகிறவன் பார்க்கிறதெல்லாம் என் நாற்றுதான். அதை அவரிடம் தினம் ஒரு தரமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உனக்குச் சொல்வது இதுதான் கண்ணு. அந்த முதல் காட்சியைத் தொடாதே. கோணலோ மாணலோ கடைசிக் காட்சிவரை எழுதிவிடு. நெருக்கமாய் இருந்தால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். யாராவது சிரித்தால் நீயும் கூடச் சிரித்துவிடு, கேட்கச் சிரமமாயிருக்கும், ஆனால் உயிர் போகாது, நான் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடியாது என்று மட்டும் சொல்லாதே. வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளி, மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிப்ட் என்றால் நீயும் பட்டினி கிடக்காதே.

உன் அப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, இவ்வளவு அடித்தல் திருத்தலா, நாளைக்கு வேறு தாளில் நன்றாக எழுதி அனுப்பு என்கிறார். நாளைக்கு அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வராது. இப்படியே ஒட்டிப் போடுகிறேன்.

நீங்கள் இருவரும் எல்லாம் பெற்று நன்றாயிருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா
கமலாம்பாள்