தில்லையம்பலம் ஐயாவின் முறைப்பாடு

தெற்கு ஹரோ,
லண்டன்.
ஆனி மாதம், சனிக்கிழமை பின்னேரம்

என் அன்பு மகன் றெஜினோல்டுக்கு,

இங்கே நானும் உன் மனைவி பியற்றிசும் உன் மகன் கிளின்ரனும், மழை வந்தால் மட்டும் ஒழுகுகிற பின்பக்கக் கூரையும் மாதாவின் கிருபையால் சுகம். அங்கே ஒன்ராறியோவில் நீயும் உன் இடது முழங்காலும் அதேபோலச் சுகமாயிருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். மகள் என்ன மகனே என்று கூப்பிடுகிறாள் என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் றோஸ்மலர் ரீச்சர், தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் எழுதும் கடிதம் ஒன்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எனக்குப் பதினாறு வயது, பிள்ளை குட்டி இல்லை, எங்கள் வீட்டில் தூரதேசத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். ஆகையால் இந்தக் கடிதம் முடியும்வரை ஷரோமிதான் அப்பா, நீதான் பிள்ளை. தமிழ் மறக்கக்கூடாது என்று மாதம் தவறாமல் எனக்கு எழுதிக்கொண்டிருந்த உன் கடிதங்கள், போன வருடம் மாசி மாதத் தேர்தலோடு நின்றுபோயின. அப்பா வேலையை யாராவது ஒருவர் பார்க்கத்தானே வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இந்தக் கிழமை முழுக்கப் பின்னேர ஷிப்ட், அதனால் சமையல் என் பொறுப்பு, அதனால் கிளின்ரன் மெலிந்துபோனான். பல்லுக்குக் கம்பி போட்ட நாளிலிருந்து அவன் சிரிக்கும்போது வாயைப் பொத்துகிறான், பதினொரு வயதில் அவ்வளவு வெட்கம் என்னிடமிருந்து போயிருக்காது, உன் பக்கத்துச் சொத்தாக இருக்கும். ஆடிக் கடைசியில் ஒருவழி ரிக்கற்றில் வந்து இனி எங்களோடுதான் இருக்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்றே அம்மா தன் அலுமாரியில் பாதியை வெறுமையாக்கிவிட்டார். அவருடைய குளிர்க் கோட்டுகளெல்லாம் கிளின்ரனின் அறைக்குப் போய், அவன் இப்போது துணிக்கடைக்குள் படுக்கிறவன் போலப் படுக்கிறான். மாதா கோயிலில் பெர்னடெற் அன்ரி, நீ விமானம் ஏறுமுன்பே உன்னை மார்கழி நத்தார் விழாக் குழுவுக்குத் தலைவராகப் போட்டுவிட்டார். எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை, உன் வாழ்க்கையில் நீ இவ்வளவு சுலபமாக எதிலும் வென்றதில்லை. நீ வருகிறாய் என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். இதை இப்போதே எழுதிவைக்கிறேன், பின்னால் நான் எழுதப்போவதை வாசித்துவிட்டு இதை மறந்துபோகாதே.

உன்னை ஆளாக்கிய கஷ்டம் எனக்குத்தான் தெரியும். பாக்டரியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, பெற்றோர் தினங்களில் எங்கள் சனத்துக்கு மொழிபெயர்க்கவென்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் திரிந்த உன்னை, நீயே நின்றால் என்ன என்று சனம்தான் பிடித்துத் தள்ளிப் பள்ளிச்சபைத் தேர்தலில் நிறுத்தியது. நான் பிறந்த வருடம் அது, எனக்கு முதல் பல் முளைக்க முதலே நீ சபையில் வாய் திறந்துவிட்டாய். பிறகு நகரசபை, அதில் இரண்டு தவணை. பிறகு மாகாண நாடாளுமன்றம், அதில் ஒன்று. இடையில், லண்டனில் படித்த அம்மாவின் மருந்தாளர் படிப்பு அங்கே செல்லாது, திரும்பவும் பரீட்சை எழுது என்று இழுத்தடித்ததில், அவர் எங்களையும் கூட்டிக்கொண்டு இங்கே வேலைக்கு வந்தார். நீ இரண்டு வருடத்தில் வருகிறேன் என்றாய், இந்தத் தவணை முடியட்டும் என்றாய், அடுத்தது முடியட்டும் என்றாய், ஒன்பது வருடமாகிவிட்டது. ஊரெல்லாம் வாக்குக் கேட்ட மனுசன் வீட்டுக்குத் தந்த வாக்கை மறந்துபோனார் என்று அம்மா சிரித்துக்கொண்டு சொல்லுவார். சிரித்துக்கொண்டுதான், ஆனால் சொல்லுவார். நான் ஒன்று கவனித்திருக்கிறேன் மகனே. நகரசபைக் காலத்தில் நீ எழுதிய கடிதங்களில், பனி தள்ளுகிற வண்டி யாரோ ஒரு கிழவியின் வாசலில் பனியைக் குவித்துவிட்டுப் போன கதை, குப்பைத் தொட்டியின் மூடியைத் திறக்கப் பழகிய ரக்கூன் என்ற கள்ளப் பிராணி, நடுரோட்டுப் பள்ளத்துக்குள் நீயே இறங்கி நின்று படம் எடுத்தது எல்லாம் இருக்கும். நாடாளுமன்றத்துக்குப் போன பிறகு வந்தவற்றில் காலநிலை மட்டும்தான் இருந்தது. கட்சி கைதட்டச் சொன்னால் தட்ட வேண்டும், இருந்த கதிரை பெரிது, செய்த வேலை சிறிது. ஆகவே போன வருடம் பனிக்குள்ளே நடந்த தேர்தலில் நீ தோற்றபோது எனக்குப் பெரிய கவலை வரவில்லை. தோற்ற பிறகு நீ இருந்த இருப்புத்தான் கவலை.

பங்குனியில் உங்கள் பக்கத்துப் பழைய மாணவர் சங்க விழாவை நேரலையில் பார்த்தோம். குத்துவிளக்கேற்ற, உன்னை வென்ற புது நாடாளுமன்ற உறுப்பினரைக் கூப்பிட்டார்கள், வீடு விற்கிற முகவரைக் கூப்பிட்டார்கள், பற்றீஸ் அன்பளிப்புச் செய்த கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். ஒரு திரி மிச்சமிருந்தது. நீ மூன்றாம் வரிசையில் இருந்து, எழும்பத் தயாராகக் கோட்டுப் பொத்தானைப் பூட்டினாய். பக்கத்தில் இருந்த வேறு யாரையோ கூப்பிட்டார்கள். நீ பொத்தானைக் கழற்றினாய். அம்மா உடனே உடுப்பு மடிக்கப் போய்விட்டார். அப்பா ஏன் விளக்கேற்றவில்லை என்று பிறகு கிளின்ரன் போனில் கேட்க, பிந்திப் போய்விட்டேன் என்றாய். பிந்தி வந்தவர் தொடக்கத்திலிருந்தே எப்படி மூன்றாம் வரிசையில் இருந்தார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிழமைதான் அம்மாவிடம், அரசியல் போதும், பழைய வட்டாரத்துக் கவுன்சிலர் வருகிற ஐப்பசி நகரசபைத் தேர்தலில் நிற்கவில்லையாம், சனம் வந்து என்னைக் கேட்டது, மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், லண்டனுக்கே வருகிறேன் என்று சொன்னாய்.

இனித் தில்லையம்பலம் ஐயாவின் விஷயம். நீ மூன்று கிழமையாகத் தேடித் திரிகிற அந்தப் பெரியவர் தெற்கு ஹரோவில், எங்கள் வீட்டு மாடிப்படியில் இருந்துகொண்டு, நம்பரை மறைத்து, தமிழ் வகுப்பு நாடகத்தில் கிழவன் வேடத்துக்கு நான் பழகிய இருமலை இருமித்தான் உன்னோடு பேசினார். உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர ஐயாவுக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. விலாசம் கேட்பாய் என்று தெரியும், எனக்கு மனப்பாடமான கனடா விலாசம் நாங்கள் விற்றுவிட்டு வந்த பழைய வீடு ஒன்றுதான், அதையே சொன்னேன். முறைப்பாட்டுக்கு அந்த வீட்டு முன்னால் இருக்கிற பஸ் தரிப்பிடத்தைப் பிடித்தேன். நகரசபையில் உன் முதல் தவணையில் நீ மாய்ந்து மாய்ந்து கூரை போடுவித்து, சனம் இருக்க நீட்டு வாங்கும் வைப்பித்த தரிப்பிடம், ஐந்து வயதில் அதன் நாடாவை வெட்டியது நான், நாடாவோடு சேர்த்து உன் கழுத்துப் பட்டியிலும் கொஞ்சம் வெட்டினேன். "தம்பி றெஜி, உம்மட பஸ் ஸ்ராண்டில வாங்கு ஆடுது, இருந்தா என்ர இடுப்பும் சேர்ந்து ஆடுது, என்ன கவுன்சிலர் நீர்" என்று ஐயா தொடங்கினார். நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் குரலைப் பிடிப்பாய் என்று பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. "ஐயா, நான் இப்ப ஒண்டுமில்லை. கவுன்சிலரும் இல்லை, மற்றதும் இல்லை" என்றாய். எனக்கு விளையாட்டு வெறுத்துப்போய்ப் போனை வைக்கப் போனேன். அந்த நேரம் பேனை மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "இல்லை, சொல்லுங்கோ. எந்த வாங்கு?" என்றாய். அதற்குப் பிறகு, எந்தப் பஸ் எடுப்பார், தனியாகவோ இருக்கிறார், பிள்ளைகள் வந்து பார்ப்பார்களோ, மருந்து ஒழுங்காக எடுக்கிறாரோ என்று நீ கேட்டுக்கொண்டே போக, ஐயா பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். நாளைக்கு வந்து பாக்கிறன் ஐயா என்று கடைசியில் சொன்னாயே, அந்தக் குரலை எனக்குத் தெரியும். ரக்கூன் கடிதங்களின் குரல் அது.

அடுத்த நாள் நீ அம்மாவுக்கு எடுத்தபோது அவர் சமையலறையில் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "கிழவனார் வாங்கு ஆடுது எண்டார், ஆடுறதுக்கு அங்க வாங்கே இல்லையப்பா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நடைபாதை திருத்தவென்று கழற்றிய வாங்கை ஒருவரும் திரும்பப் பூட்டவில்லையாம், வயதான பெண்கள் இரண்டு பேர் சாமான் இழுத்து வந்த வண்டில்களின் மேலேயே இருந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்களாம், நகரசபையைக் கேட்டால் குளிர் தொடங்கும்போது பார்க்கலாம் என்கிறார்களாம். அதனால் தேர்தல் அலுவலகத்திலிருந்து மிஞ்சி உன் நிலவறையில் கிடந்த மடக்குக் கதிரைகளில் நாலைக் கொண்டுபோய்க் கூரைக் கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறாய். முதுகில் உன் பெயர் ஒட்டிய கதிரைகள். தேர்தலில் உன் பக்கம் சாயாத சனம் இப்போது உன் பெயரில் சாய்ந்துகொண்டு பஸ் பார்க்கிறது. கதிரை போன மனுசன் கதிரை போட்டார் என்று நான் சொல்ல, கிளின்ரன் வாயைப் பொத்தாமல், கம்பி முழுக்கத் தெரியச் சிரித்தான். பழைய வீட்டுக் கதவைத் தட்டி ஐயாவைக் கேட்டதையும், அங்கே இருக்கிற குஜராத்திப் பெண் அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லித் தேத்தண்ணீர் தந்து அனுப்பியதையும், பாவம் மறதிக்காரக் கிழவன் போல, முதியோர் சங்கத்திலும் சொல்லி வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டு, உமக்கு ஆரும் தில்லையம்பலத்தாரைத் தெரியுமோ என்று அம்மாவைக் கேட்டாய். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு, அப்படி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது என்றார். போனை வைத்த பிறகு அவர் என்னை ஏசவில்லை. வெங்காயத்தை வெட்டி முடித்து, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, அந்தக் கிழவனுக்குச் சொல்லு, தோத்த பிறகு அப்பா இண்டைக்குத்தான் சிரிச்சவர் என்றார். அப்படியென்றால் அப்பாவை அங்கேயே நின்று தேர்தலைப் பார்க்கச் சொல்லலாமே என்று கேட்டேன். "நான் சொன்னா, வரவேண்டாம் எண்டு சொன்ன மாதிரி. அவர் சொன்னா, திரும்பவும் எங்களை விட்டிட்ட மாதிரி. ரெண்டு பேரும் வாய் திறக்க ஏலாமல் இருக்கிறம் பிள்ளை" என்றார்.

இரண்டு பேருக்கும் சொல்ல ஏலாததை வீட்டில் பெரியவர் ஒருவர்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் பெரியவர் நான். ஆகவே கேள் மகனே, உன் பழைய வட்டாரத்தில் தேர்தலுக்கு நீ பெயரைக் கொடு. நாடாளுமன்றத்திலிருந்து நகரசபைக்கு இறங்குவது இறக்கம் என்று யாரும் சொன்னால், வாங்கு இருக்கிற உயரத்தில்தான் சனம் இருக்கிறது என்று சொல்லு. பதவி போய்விட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், உதவி போகவில்லை, அதைத்தான் ஐயா கண்டுபிடித்தார். வென்றால் வேலையைப் பார். தோற்றால் அன்றைக்கே வா, ஒருவழி ரிக்கற்றைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டோம். ஆனால் அந்த மூன்றாம் வரிசைக்குப் பயந்து இங்கே வராதே, வந்தால் அம்மா ஒதுக்கிய பாதி அலுமாரியில் உன் கோட்டோடு நீயும் தொங்கிக்கொண்டிருப்பாய்.

அப்பா, நீங்கள் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. இன்னும் இரண்டு வருடத்தில் நான் யூனிவேசிற்றிக்குப் போய்விடுவேன், அதற்குப் பிறகு நீங்கள் வந்தாலும் இந்த வீட்டில் நான் இருக்கமாட்டேன். இதை யோசிக்காமல் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், யோசித்துத்தான் எழுதுகிறேன். கோட்டுப் பொத்தானைக் கழற்றுகிற அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பதைவிட, எந்த வாங்கு என்று கேட்கிற அப்பாவோடு போனில் இருப்பது எனக்குப் போதும். இந்த ஒரு பந்தியில் மட்டும் நான் மகள். முடிந்தது.

இனிப் புத்திமதி. பெயரைக் கொடுத்துவிட்டு ஆடிக் கடைசியில் வா, ரிக்கற்றை இருவழியாக மாற்று, வந்து கூரையைத் திருத்து, திரும்பிப் போ. பெயர் கொடுக்க வட்டாரத்தில் இருபத்தைந்து பேரின் கையெழுத்து வேண்டுமாமே, அதற்கு வீடு வீடாகப் படியேறி முழங்காலைக் கெடுக்காதே, கதிரைகளடியில் போய் நில், பஸ் வரும்வரை அவர்களுக்கும் வேறு வேலை இல்லை. ரிக்கற் மாற்றுகிறாய் என்றதும் அம்மா முகத்தை ஒரு பக்கம் திருப்புவார், அது கோபமில்லை, உடுப்பு மடிக்கிற முகம், அந்த நேரம் போனை வைத்துவிடாமல் பேசிக்கொண்டே இரு. பெர்னடெற் அன்ரியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், உன்னைத் தலைவர் பதவியிலிருந்து இறக்குவதற்கும் போட்டி இருக்காது. இரவுக்கு ரோல்ஸைக் கடித்துவிட்டுப் படுக்கிற பழக்கத்தை விடு. மாதம் ஒரு கடிதம் வரவேண்டும், காலநிலை எழுதாதே, பள்ளங்கள் எழுது. றோஸ்மலர் ரீச்சருக்கு இதைக் காட்டப்போவதில்லை, அவருக்கு வேறொன்று எழுதி, மகனே நன்றாகப் படி என்று முடித்து வைத்திருக்கிறேன்.

மாதா உன்னையும் உன் முழங்காலையும் சங்கிலியில் நிற்கிற நாலு கதிரைகளையும் காத்துக்கொள்ளட்டும். நேரத்துக்கு நித்திரை கொள், பெயர் கொடுக்கிற நாள் முடிய முதல் எழும்பு.

இப்படிக்கு,
இந்த வரி வரைக்கும் உன் அன்பு அப்பா,
ஷரோமி

பி.கு: தில்லையம்பலம் ஐயாவைத் தேடுவதை நிறுத்தச் சொல்லி முதியோர் சங்கத்துக்கும் சொல்லிவிடுங்கள். அவர் நத்தாருக்கு அம்மாவையும் கிளின்ரனையும் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறார், நீங்கள் வென்றாலும் சரி, தோற்று இங்கே வந்துவிட்டாலும் சரி, அப்போது உங்களையும் கூட்டிக்கொண்டு. அதற்கிடையில் நகரசபை புது வாங்கு பூட்டினாலும் ஒரு கதிரையை மட்டும் எடுக்காமல் விட்டுவையுங்கள் அப்பா. அவர் வந்து இருந்து பார்த்துத்தான் ஆடுகிறதா இல்லையா என்று சொல்லுவார்.