பூ வைத்து மலையேற்றிய விளக்கு

இன்று சாயங்காலம் என் மனைவி மல்லிகைப் பூ ஒன்றைத் திரிமேல் வைத்து விளக்கை மலையேற்றினாள். பூவும் எண்ணெயும் சேர்ந்து கருகும் வாசனை கூடத்துக்கு வந்தது. அப்புறம் கையிலிருந்த காப்பி எனக்கு இறங்கவில்லை. நீ போய்ச் சேர்ந்த பிறகும் இந்த வாசனை உன்னை விடுவதாக இல்லை, நண்பா.

அது தைப்பூசம். சிராங்கூன் சாலை மளிகைக்கடைக்காரர் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், பூஜை அறைப் பெட்டியிலிருந்த மகளின் கல்யாணக் காசுமாலை களவு போனது. போலீசில் நீயும் நானும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். நான் பூட்டையும் ஜன்னலையும் தடவிக்கொண்டிருந்தேன். நீ பூஜை அறை வாசலில் குந்திவிட்டாய்.

"எடுத்தத விடுடா, உள்ள வந்தவன் எப்படி நடந்துக்கிட்டான்னு பாரு" என்பாயே எப்போதும், அதையே அன்றும் சொன்னாய். "பின்வாசல்ல சேத்துக் காலு. இங்க ஒரு பொட்டுச் சேறு இல்ல. தொட்டியில காலக் கழுவிட்டு வந்திருக்கான். எரியவிட்டுட்டுப் போன வெளக்க வாயால ஊதாம, பூ வச்சு மலையேத்தியிருக்கான். திருட வந்த எடத்துலயும் பழக்கம் விடல. சாமி கும்புடுற நம்ம ஆளுடா!"

அடேயப்பா, என்ன மூளை என்று வாய் பிளந்து நின்றேன். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் உன் முதுகில் தட்டினார். பின்வாசல் வழியாகப் புழங்கும் நம் ஆள் யார்? தினமும் பால் ஊற்ற வரும் கோவிந்தன் ஒருவன்தான். "கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்றேன்யா, நான் இல்லய்யா" என்று கதறினான். அவன் சிறைக்குப் போனான். திருடன் பெண்டாட்டி என்ற பேச்சைப் பொறுக்கமாட்டாமல் அவன் மனைவி குழந்தையோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிட்டாள்.

சில மாதம் கழித்துக் காசுமாலை ஓர் அடகுக்கடையில் அகப்பட்டது. கொண்டுவந்தவன் அந்த வீட்டுக்குப் பல வருஷமாக வேலை செய்த சீனத் தச்சன். விளக்கை ஏன் அப்படி அணைத்தாய் என்று நீ கேட்டாய். அவன் நல்ல தமிழிலேயே பதில் சொன்னான்: "வாயால ஊதினா பாவம்லா. கால் கழுவாம உள்ள போகக் கூடாதுலா. அந்த வீட்டு அம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க."

உன் முகம் செத்துப்போனது. அந்த அம்மா கையால் சோறு தின்று வளர்ந்த பழக்கம் அது. பிறப்பைப் பார்த்தாய், வீட்டைப் பார்க்க மறந்தாய். இந்த ஊரில் பத்து ஜாதி மனிதர்கள் ஒரே தெருவில் புழங்குகிறோம், பழக்கம் மட்டும் ஆள் பார்த்தா ஒட்டும்? அதற்குப் பிறகு துப்பறியும் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாட்டுவண்டிகளுக்கு வழிவிடும் வேலையில் வெயிலில் நின்றாய். நீ பார்த்ததில் பிழையில்லையடா, ஒரே ஒரு கேள்விக்கு முன்னாலேயே நின்றுவிட்டாய். இதை உயிரோடு இருந்தபோது உனக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்போதும் ஸ்டேஷனில் யாராவது "இது இன்னார் வேலைதான்" என்று ஆரம்பித்தால், "எந்த வீட்டுல பழகினவன்னு விசாரிச்சியா?" என்று எரிந்து விழுகிறேன். கிழவனுக்குக் கிறுக்கு என்கிறார்கள். சொல்லட்டும்.

கோவிந்தன் வெளியே வந்துவிட்டான், மனைவி திரும்பவில்லை. எங்கள் வீட்டுக்கு அவன்தான் பால் ஊற்றுகிறான். இன்றும் விளக்கை மலையேற்றுவதற்கு முன்னால் பின்வாசலில் வந்து நின்றான். மழை தூறியது. "நனையிறீங்களே, உள்ள வாங்கண்ணே" என்றாள் என் மனைவி.

அவன் பூஜை அறைப் பக்கம் பார்த்தான்.

"வேணாம்மா. வெளக்கு எரியுது. நான் இங்கயே நிக்கிறேன்."