பன்னிரண்டா, இருபதா

மே 5, செவ்வாய்
மழை. காலை வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே சம்பந்தியாகப் போகிற நீல்ஸின் போன். துவக்கு விஷயம். சனிக்கிழமை ஹேர்னிங் துவக்குக் கடையில் கலிபர் பன்னிரண்டை என் தோளில் வைத்துப் பார்த்து, "ஒற்றைக் குண்டால் மான் சுட இதைவிட வேறொன்றும் வேண்டாம்" என்று தலையாட்டியவர் இதே நீல்ஸ். இன்றைக்கு, "அவசரப்படாதே, உன் தோளுக்கு இருபதுதான் நல்லதோ என்று யோசிக்கிறேன்" என்கிறார். மூன்று நாளில் என் தோளுக்கு என்ன வந்தது?

தெரிந்தவை:
– ஒக்டோபரில் சுவீடன் காடு, நீல்ஸின் ஆட்களோடு. கோடை முழுக்கச் சுட்டுப் பழகவேண்டும். ஆகவே துவக்கு இப்போதே வேண்டும்.
– வேட்டைப் பத்திரம் எடுத்தாயிற்று. இரண்டாம் முறை எழுதித்தான், ஆனால் சோதனை முழுக்க டெனிசில்.
– எண் கூடினால் குழாய் சிறுக்கும். 12 பெரிது, 20 சிறிது. எவன் கண்டுபிடித்த கணக்கோ.
– 12: தோளில் உதை கூட. தோட்டா எங்கும் கிடைக்கும்.
– 20: உதை குறைவு. ஒற்றைக் குண்டுத் தோட்டாவுக்குத் தேடி அலையவேண்டும்.
– ஐம்பது மீற்றருக்குள் நின்றால் மானுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஊரில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருக்கிற தம்பியிடமிருந்து போன் இல்லை. மார்ச் கடைசிக்குப் பிறகு இல்லை.

மே 7, வியாழன்
வெயில், ஆனால் காற்று. நாளை விடுமுறை, அதனால் தொழிற்சாலையில் எல்லோருக்கும் சூடான ஹ்வேடர், இந்த விடுமுறைக்கென்றே சுடுகிற பணிஸ். இரண்டு தின்றேன். அடுத்த இயந்திரத்தில் நிற்கிற செல்வம் வந்து பக்கத்தில் இருந்தார்.

"துவக்கு வாங்கப் போறீராம்? இந்த நேரத்திலயோ?"
"மானுக்கு."
"மானுக்குத்தான் எண்டு எனக்குத் தெரியும். சனம் கதைக்குதல்லோ."

சனத்துக்கு வேறென்ன வேலை. கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்குப் போனேன், பனியில் நின்றேன், பாராளுமன்றக்காரருக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒருத்தரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. உலகத்தில் நானாகத் தீர்மானிக்க இப்போது மிஞ்சியிருப்பது இந்தத் துவக்கு ஒன்றுதான். அதிலும் ஆளுக்கொரு நியாயம்.

தம்பி குமரன், அவன் மனிசி, பிள்ளை மூன்று பேரும் ஆமி சுற்றிவளைத்த அந்தக் கடற்கரைத் துண்டில். கடைசியாகக் கதைத்தபோது, "அண்ணை, பங்கருக்குள்ள தண்ணி ஊறுது" என்றான். "வாளியால அள்ளி ஊத்து" என்றேன். இங்கே இக்காஸ்டில், வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு.

மே 9, சனி
சுடுதளம். நீல்ஸின் 12, அவர் தங்கையின் 20. ஐம்பது மீற்றரில் மான் படம் போட்ட தாள். 12 முதல் வெடியிலேயே தோளைக் கழற்றிக் கையில் தந்தது. குண்டு மானின் பின்னங்காலில். அடுத்தது தாளிலேயே இல்லை. 20இல் சுட்ட மூன்றும் நெஞ்சுக்குள், உள்ளங்கையால் மூடிவிடலாம்.

முடிந்தது கதை. இருபது.

காரில் வரும்போது சொன்னேன். நீல்ஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பார்ப்போம். மான் தூரத்தில் நின்றால் 12தான் கைகொடுக்கும்" என்றார். தூரத்தில் நின்றால் சுடக்கூடாது என்று எனக்குப் படிப்பித்தவரே அவர்தான்! வாய்வரை வந்ததை விழுங்கினேன். சம்பந்தியாகப் போகிறவர்.

ஒன்று எழுதவேண்டும். வெடிச் சத்தம் நின்றதும் காதுக்குள் ஒரு அமைதி வந்தது. அந்தக் கொஞ்ச நேரம் தம்பியை நினைக்கவில்லை. அதற்காகவே வாங்கலாம்.

வீட்டில் மனிசி மலர், நீலம் பாரித்த தோளைப் பார்த்தாள். தைலம் பூசினாள். வேறு நாளென்றால் இந்தத் தோளை வைத்தே ஒரு கிழமை என்னைத் தின்றிருப்பாள்.

மே 12, செவ்வாய்
கடைக்குப் போன் போட்டேன். இருபது கையிருப்பில் இல்லையாம். ஜேர்மனியிலிருந்து வரவேண்டுமாம். எப்போது? தெரியாதாம். "கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு நின்றனவே?" "விற்றுவிட்டோம்." சரி, 12ஐத் தா. "அதை நீல்ஸோடு கதைத்துவிட்டுச் சொல்லுங்கள்." காசு கொடுப்பது நானா நீல்ஸா? போனை வைத்துவிட்டு மேசையில் குத்தினேன். கைதான் நொந்தது.

பின்னேரம், துவக்குக்கென்று முன்கூட்டியே வாங்கிவைத்த இரும்புப் பெட்டகத்தைத் திறக்கப் போனால் பூட்டியிருக்கிறது. உள்ளே வெங்காயமாம், அரிசிமாவாம்.
"சும்மா கிடந்தது, வைச்சனான்" என்றாள் மலர்.
"திறப்பு எங்க?"
"என்னட்ட."
வெங்காயத்துக்கு இரும்புப் பெட்டகம். நல்ல குடும்பம்.

மே 14, வியாழன்
தலையிடி. செய்தியில் வரைபடம் காட்டினார்கள். அந்தத் துண்டு போன கிழமையைவிடச் சின்னது. குமரனின் நம்பருக்கு அடித்தால் அதே பெண்ணின் குரல், அதே சிங்களம். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

பால், பல்தூரிகை, கார் சேவிஸ்.

மே 16, சனி
நல்ல வெயில். இன்றைக்கு ஆண்மான் வேட்டைக் காலம் தொடக்கம். நீல்ஸ் விடியவே காட்டுக்குள், போனும் நிறுத்தம். நல்லதாகப் போயிற்று. ரயில் எடுத்துத் தனியாக ஹேர்னிங் போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருபது இரண்டும் நிற்கின்றன. அதே இரண்டு. கடைக்காரனுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. "வீட்டில் கதைத்துவிட்டு வாருங்கள்" என்றான், ஒரு சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஸ்டேசனிலிருந்து மகளுக்கு அடித்தேன். ஷாமினி முதலில் டெனிசில் எதையோ மழுப்பினாள். நான் கத்தியதும் அழுதுகொண்டு தமிழுக்கு வந்தாள்.

"அம்மாதான் நீல்ஸிட்டக் கேட்டவா, அப்பா. சித்தப்பாவின்ர செய்தி ஏதும் வருமட்டும் உங்கட கையில துவக்குக் குடுக்கவேண்டாம் எண்டு. கோவிக்காதேங்கோ. நாங்கள் பயந்திட்டம்."

மானை அல்ல, என்னை நானே சுட்டுக்கொள்வேன் என்று பயந்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் தோள், தூரம், ஜேர்மனி எல்லாம் நாடகம். பன்னிரண்டா இருபதா என்று நான் படுக்கையில் புரண்டது அவர்கள் நாளைக் கடத்துவதற்கு. மனிசி, மகள், சம்பந்தி, கடைக்காரன். வெட்கத்தில் காது சுட்டது. ரயிலையும் விட்டுவிட்டேன்.

மே 17, ஞாயிறு
சண்டை. காலைச் சாப்பாட்டு மேசையிலேயே.

"என்னை விசரன் எண்டு வெள்ளைக்காரனுக்குச் சொன்னனியோ?"
"விசர் எண்டு சொல்லேல்ல. எனக்குப் பயமாக் கிடக்கு எண்டு சொன்னனான்."
"எனக்கு என்ன நடந்ததெண்டு பயம்?"
"கழுவின கோப்பையைத் திருப்பித் திருப்பிக் கழுவுறியள். கூப்பிட்டாத் திரும்புறியள் இல்லை. போன மாசம் ரயில் கடவையில தடி மேல போனாப் பிறகும் காரை எடுக்காமல் இருந்தனீங்கள். பின்னால நிண்டவன் வந்து கண்ணாடியில தட்டினவன். ஞாபகம் இருக்கோ?"

இல்லை. உண்மையாகவே இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு நேரே வந்து இருந்தாள். "சரி. துவக்கு மானுக்கு மட்டும்தான் எண்டு என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நாளைக்கே போய் வாங்குவம். பன்னிரண்டோ இருபதோ, ரெண்டுமோ."

ஓம் என்று ஒரு சொல். அது வாயில் வரவில்லை. வரும் என்றுதான் வாயைத் திறந்தேன். எனக்கே திடுக்கிட்டது.

அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் என் கோப்பையைத் தானே கழுவினாள்.

மே 18, திங்கள்
முடிந்துவிட்டதாம். ரேடியோவில் சொல்கிறார்கள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டினார், அந்த நொந்த தோளையே. "உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்ததாமே, நல்ல செய்தி, இல்லையா?" "யா" என்றேன். டெனிசில் சுகமாக வந்தது.

செல்வம் கழிவறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. அவருடைய இயந்திரத்தையும் நான் பார்த்தேன்.

குமரன்: ஒன்றும் தெரியாது.

மே 19, செவ்வாய்
வேலைக்குப் போகவில்லை. எழுத ஒன்றுமில்லை.

மே 21, வியாழன்
விடுமுறை. தூறல். நீல்ஸ் வந்தார். வரமுன் போன் போடாமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில்.

"என்மேல் கோபமா?"
"ஓம்."
"நியாயம்தான்."

மலர் கோப்பியும் வடையும் வைத்துவிட்டுப் போகாமல் கதவருகிலேயே நின்றாள். அவர் குமரனைப் பற்றிக் கேட்டார். தெரியாது என்றேன். தெரியாது என்பதை ஒருவருக்கு முழுதாகச் சொன்னது இதுதான் முதல் தரம். தண்ணீர் ஊறின பங்கரையும் சொன்னேன், வாளியையும் சொன்னேன். அவர் வடையைத் தொடவில்லை.

பிறகு, இந்த வருஷம் எனக்குத் துவக்கு வேண்டாம் என்றேன். 12உம் வேண்டாம், 20உம் வேண்டாம். சுவீடனுக்கு நான் இல்லாமல் போங்கள்.

"ஏன், துவக்கில்லாதவர்களும் வருவார்கள்" என்றார். "மானைக் கலைக்க எங்களுக்கு ஆட்கள் போதாது. வரிசையாகக் காட்டுக்குள் நடந்து, இருக்கிற சத்தத்தையெல்லாம் போட்டுக் கத்தவேண்டும். என்ன பாஷையிலும் கத்தலாம், என்ன சொல்லியும் கத்தலாம். அங்கே ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்."

எவ்வளவு நேரம் கத்தலாம் என்று கேட்டேன்.

பொழுதுபடும்வரைக்கும் என்றார்.

என் பெயரையும் போடச் சொன்னேன்.