சிவந்த உள்ளங்கையும் நான்கு நாளும்

என் பிரியமான தம்பி சிவா,

நான்கு நாள் முந்தியே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. டாக்டரும் நிச்சயமாகச் சொல்லவில்லை.

என் எலும்பு மஜ்ஜையை உனக்கு ஏற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தோலில் எந்த மாற்றம் கண்டாலும் உடனே வரச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். உன் உள்ளங்கை சிவந்து அரித்தபோது எனக்கு அந்த எச்சரிக்கை ஞாபகம் வரவில்லை. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ரப்பர் பால் உறைய ஊற்றும் அசிட்தான் ஞாபகம் வந்தது. அங்கே வேலை செய்த நம் அப்பாவின் கை அப்படித்தானே இருக்கும்?

"ஸ்டோருக்குப் போனியாடா?"

"இல்லக்கா, சத்தியமா."

"அப்ப இது என்ன?"

"ஒங்க ரத்தம்தானே உள்ள ஓடுது. அதுவும் ஒங்கள மாதிரியே ஏசுது போல."

நான் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. களிம்பு பூசி, நீ வெளியே போகாதபடி செருப்பை ஒளித்துவைத்தேன். நான்காம் நாள் உன் காது மடல்களும் சிவந்திருந்தன. அசிட் காதில் எப்படிப் படும்? ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, ஒளித்த செருப்பை நானே எடுத்து உன் காலருகே வைத்தேன்.

என் அணுக்கள் உன் உடம்பை அந்நியமென்று தாக்குகின்றன, அது பெரும்பாலும் தோலில்தான் முதலில் தெரியும் என்றார் டாக்டர். நீ விளையாட்டாகச் சொன்னது ஏறக்குறைய சரிதான். பிறகு குடல், ஈரல். மூன்றாவது வாரம் நீ இல்லை.

போன கிழமை உன் வார்டு நர்ஸ் கூப்பிட்டார். ஓப்பநாயக்கவில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஒரு பெண், தங்கச்சிக்கு மஜ்ஜை கொடுத்திருக்கிறாளாம். வீட்டுக்குப் போகுமுன் அவர்களுக்கு அந்த எச்சரிக்கையை நான் தமிழில் விளக்க வேண்டுமாம். நாளை போகிறேன். உள்ளங்கை, பாதம், காது என்று சொல்லிவிடலாம். அந்த நான்கு நாளையும் சொல்ல வேண்டுமா? சொல்கிறேன் சிவா. மறைக்க மாட்டேன்.

நேற்று இத்தோடு நிறுத்தியிருந்தேன். இன்று போய் எல்லாவற்றையும் சொன்னேன், செருப்பை ஒளித்ததையும். அந்த அக்காக்காரி தங்கச்சியை ஒரு பார்வை பார்த்தாள்.

"மிஸ், இவ பெரிய பொய்க்காரி. கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டு, போகலன்னு சொன்னா எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க வேணாம். கை சிவந்தா கூட்டிக்கிட்டு வாங்க."

தங்கச்சி சிரித்தாள். அக்கா அவள் கையை இழுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

உன்னை நம்பாத,
உன் அக்கா